வளையத்தில் நுழையாதவை

உப்பங்கழிக்குள் இறங்குகிறவர்கள் தண்ணீரை முதலில் காலால்தான் பார்ப்பார்கள். கரையில் நின்றபடி ஒரு பாதத்தை மட்டும் நனைத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுப்பார்கள். முன்பெல்லாம் காலையில் அப்படிக் கால் வைத்தால் உடம்பு சிலிர்க்கும். இன்னொரு டீ குடித்துவிட்டு வந்திருக்கலாமே என்று தோன்றும். அந்தக் கோடையில் சிலிர்ப்பு நின்றுபோயிருந்தது. பாத்திரம் கழுவ வைத்த வெந்நீர் ஆறினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது தண்ணீர்.

வளையக்காரர் பாதத்தை எடுத்துத் துணியால் துடைத்தார். கணுக்காலுக்கு மேலே இருந்த புண்ணில் தண்ணீர் படாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி, ரப்பர் பட்டை போட்டுக்கொண்டார்.

"என்னண்ணே, சோப்பு எடுத்துட்டு வரட்டுமா? அப்படியே குளிச்சிட்டுப் போயிடலாம்," என்றான் தம்பி.

"வாயை மூடிட்டு இறங்கு."

இறங்கினார்கள். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் மிதக்கும் பிளாஸ்டிக் தொட்டி, கையில் நீளக் கம்பில் இரும்புப் பற்கள் வைத்த வாரி. சேற்றுக்குள் விரலாழத்தில் மட்டிச் சிப்பி புதைந்து கிடக்கும். வாரியைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே நடந்தால் பற்களில் அது தட்டுப்படுவது உள்ளங்கைக்குத் தெரியும். கல் தட்டினால் ஒரு மாதிரி, செத்த ஓடு தட்டினால் ஒரு மாதிரி, உயிருள்ளது தட்டினால் வேறு மாதிரி. இந்த வித்தியாசம் தெரியாத ஆள் ஒரு நாள் முழுக்க வாரினாலும் தொட்டியில் குப்பைதான் இருக்கும்.

அன்று எல்லாம் தெரிந்தவர்களின் தொட்டியிலும் பாதி குப்பைதான் இருந்தது.

கழிக்கு அக்கரையில் மின் நிலையம் வந்து பல வருடங்களாகிவிட்டன. இயந்திரங்களைக் குளிர வைக்க எடுத்த தண்ணீரை அது சுடச்சுடத் திருப்பி விட்டது. அதே சமயத்தில் கடலோடு கழியைச் சேர்க்கும் வாயை மணல் அடைத்துக்கொண்டு வந்தது. மின் நிலையத்துக்காரர்கள் மணலைக் காட்டினார்கள். மணலை அள்ள வேண்டியவர்கள் மின் நிலையத்தைக் காட்டினார்கள். வெயில்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதில் மட்டும் இரண்டு தரப்பும் ஒத்துப்போயின. வெயிலைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது.

கரையோர வரிசையில் மட்டி எடுத்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு போய்விட்டன. கடைசிக் கோடியில் இருந்த ஒரே வீட்டில்தான் இன்னும் அடுப்பு எரிந்தது. தகரக்கூரை போட்ட இரண்டு அறைகள், நடுவில் ஒரு கூடம், பின்னால் மட்டி வேக வைக்கும் கொட்டகை. அண்ணன் குடும்பம் ஒரு அறையில், தம்பி குடும்பம் மறு அறையில். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். அக்கம்பக்கத்தில் ஆள் இருந்த காலத்திலும் அவர்களுக்கு அதுதான் பெயர்.

அண்ணனுக்கு வளையக்காரர் என்று பெயர் வந்ததற்குக் காரணம் அவர் இடுப்புக் கயிற்றில் தொங்கிய இரும்பு வளையம். டீ கிளாஸின் வாய் அளவு இருக்கும். அள்ளிய மட்டியை ஒவ்வொன்றாக அதில் விட்டுப் பார்க்க வேண்டும். நுழைந்து விழுந்தால் விற்பனைக்கு. நுழையாமல் நின்றால் அது தாய். திரும்பக் கழியில் விட்டுவிட வேண்டும். ரொம்பப் பொடிசுகள் வாரியின் பல்லிடுக்கில் தாமாகவே நழுவிவிடும். பெரிய மட்டி ரப்பர் மாதிரி கடிபடாது என்பதால் வாங்குகிறவர்களும் அதைக் கேட்பதில்லை. தருமமும் வியாபாரமும் ஒரே பக்கம் நின்ற சட்டம் அது. அப்பன் காலத்திலிருந்து யாரும் அதை எழுதி வைக்கவில்லை, மீறவும் இல்லை.

ஆனால் வளையத்தில் நிற்பவை வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தன. மட்டி எடுக்கிறவர்கள் அதற்கு ஒரே அர்த்தம்தான் கண்டுபிடித்தார்கள்: யாரோ தாயைத் திருடுகிறார்கள். சங்கத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். வளையக்காரர் தன் சொந்த மைத்துனனின் தொட்டியைக் கரையில் கவிழ்த்துச் சோதித்தார். அதில் ஒரு தாய்கூட இல்லை. மைத்துனன் அதன் பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை.

அந்தக் கோடையில் அண்ணனும் தம்பியும் கழி முழுக்க வாரியது விற்பதற்காக மட்டும் அல்ல. உயிரோடு எஞ்சியதையெல்லாம் திரட்டி, அதில் தாயைப் பிரித்து, நடைபாலத்தின் அடியில் வலையடைப்புப் போட்டுக் காப்பது என்று வளையக்காரர் முடிவு செய்திருந்தார். பாலத்துக்குக் கீழே நிழல் உண்டு. மேட்டிலிருந்து ஒரு ஓடை வந்து அங்கே சேர்வதால் தண்ணீர் கொஞ்சம் குளிர்ச்சி. மழை வரும் வரை அவை தாங்கிவிட்டால் குஞ்சு விடும். குஞ்சு கழி முழுக்கப் பரவும்.

தம்பிக்கு இதில் நம்பிக்கை இல்லை. நகரத்தில் ஒரு குளிர்கிடங்கில் அவனுக்கு வேலை பேசி முடிந்திருந்தது. அண்ணனுக்கும் இடம் இருந்தது. பெண்கள் இருவருக்கும் மீன் பொட்டலம் கட்டுகிற பிரிவில் வேலை.

"அண்ணே, எதுக்கு இந்த மாரடிப்பு? கிடங்குல காலை நனைக்கவே வேண்டாம். உன் புண்ணும் ஆறும். டாக்டரே சொன்னாருல்ல, தண்ணியில இறங்கினா கால் தங்காதுன்னு."

"தாய் தாங்கிட்டா நான் வரல. நீ போ."

"தாங்கலேன்னா?"

வளையக்காரர் வாரியைச் சேற்றில் ஊன்றி அதன்மேல் சாய்ந்து நின்றார். "தாங்கலேன்னா என்னையும் வண்டியில ஏத்திக்க."

கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெரியவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் இருந்தால் அவள் இருக்க வேண்டும். அதைத் தனியாகச் சொல்ல அவசியம் இல்லை என்று இருவருமே நினைத்திருக்கக்கூடும்.

வலையடைப்புப் போடும்போது மீட்டரம்மாவும் வந்திருந்தார். ரப்பர் பூட்ஸ் போட்டு, ஒரு கருவியைத் தண்ணீரில் இறக்கிச் சூடு பார்த்துப் போகிற ஆராய்ச்சிக்காரர் அவர். நல்ல மனுஷி. வந்தால் டீ குடிக்காமல் போகமாட்டார். குடித்த கிளாஸைத் தானே கழுவி வைப்பார். ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய காலம் முடிந்துவிட்டதால் அதுதான் தன் கடைசி வருகை என்று சொன்னார்.

"நீங்க செய்யறது சரிதாங்க," என்றார் வளையக்காரரிடம். "பெரிய தாய் ஒண்ணு விடற முட்டையை, சின்னது ஒரு கூடை சேர்ந்தாலும் விடாது. எங்க புஸ்தகத்துலயும் அதையேதான் சொல்றாங்க."

"கேட்டியா?" என்றார் வளையக்காரர் தம்பியைப் பார்த்து. "புஸ்தகத்துலயே இருக்காம்."

"புஸ்தகத்துல மட்டி இருக்கு, கழியில இல்லையேண்ணே," என்றான் தம்பி. மீட்டரம்மா சிரித்துவிட்டார். வளையக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் அன்று முழுக்க அவர் நடையில் ஒரு தெம்பு இருந்ததைப் பெரியவள் பார்த்தாள்.

மத்தியானத்துக்குள் பிரித்து முடித்தார்கள். வளையத்தில் நின்ற தாய்கள் இரண்டு தொட்டிக்குக்கூட வரவில்லை. பாலத்தடியில் அவற்றை ஒவ்வொன்றாக, மூச்சுவிடும் மூக்குப் பக்கம் மேலே இருக்கும்படி சேற்றில் செருகினார் வளையக்காரர். நுழைந்து விழுந்தவை நிறைய இருந்தன. எல்லாம் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. சில இடங்களில், தண்ணீர் கொதிப்பாக இருந்த அக்கரைப் பக்கத்தில்கூட, வாரியில் வந்தவை அவைதான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொடிசுகள் எப்போதும் இருக்கும் என்பதுதான் எண்ணம்.

கொட்டகையில் அடுப்பு மூட்டியாயிற்று. பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாய்தான் பாத்திரம். அடியில் கொஞ்சம் தண்ணீர், மேலே மட்டி, அதன்மேல் நனைத்த சாக்கு. ஆவி சாக்கைத் தூக்கும்போது ஓடுகள் படபடவென்று திறக்கிற சத்தம் கேட்கும். நுரை பொங்கி வழிந்தால் இறக்கிவிட வேண்டும். பிறகு சல்லடையில் கொட்டிக் குலுக்கினால் சதை கீழே விழும், ஓடு மேலே நிற்கும். சதை ஐஸ் போட்டுச் சந்தைக்கு; ஓடு சுண்ணாம்புச் சூளைக்கு.

சின்னவள் விறகைத் தள்ளிக்கொண்டே சல்லடையில் விழுந்ததைப் பார்த்தாள். "என்னக்கா இது, பட்டாணியை உரிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. ஐஸ்பெட்டி பார்த்தா நம்மளையே எடை போட்டுடுவான்."

ஐஸ்பெட்டி என்பது மட்டி வாங்க வருகிற வியாபாரி. சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி வந்த காலத்தில் வைத்த பெயர். வேன் வாங்கிய பிறகும் மாறவில்லை.

"உன்னை எடை போட்டா அவன் வேன் தாங்காது," என்றாள் பெரியவள்.

"ஆமா, தின்னு தின்னு பெருத்துட்டேன். மூணு வேளையும் இந்தப் பழஞ்சோறும் வெங்காயமும்தானே. நகரத்துக்குப் போனா முதல் வேலை, மட்டி வாசனை அடிக்காத ஒரு சோப்பு வாங்கப் போறேன்."

"சோப்புல ஏதுடி மட்டி வாசனை?"

"என் கையில இருக்கே. எந்த சோப்பு போட்டாலும் அது மட்டி சோப்பா ஆயிடுது."

பெரியவள் பச்சை மட்டியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேக வைப்பதற்கு முன் ஒவ்வொரு பிடியாக எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்க்க வேண்டும். செத்து, உள்ளே சேறு ஏறிய மட்டி வாயை மூடிக்கொண்டு நல்லது மாதிரியே இருக்கும். தட்டினால் மட்டும் மண்சட்டி போல் மங்கலாகச் சத்தம் வரும். அப்படி ஒன்று பீப்பாயில் போனால் மொத்தமும் சேறாகிவிடும். ஒன்றின் சத்தம் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. கத்தி முனையை இடுக்கில் கொடுத்துத் திறந்தாள்.

சேறு இல்லை. சதை தடிப்பாக இருந்தது. கத்தி பட்ட இடத்திலிருந்து வெள்ளையாக ஒன்று கசிந்து, அவள் உள்ளங்கையில் தேங்கியிருந்த தண்ணீரில் புகைபோல் பரவியது.

அவள் இன்னொன்றைத் திறந்தாள். அதிலும் அப்படித்தான். மூன்றாவதில் இல்லை. நான்காவதில் இருந்தது.

அதற்குப் பால் கட்டுவது என்று பெயர். முட்டைவிடத் தயாரான மட்டிக்குத்தான் பால் கட்டும். மணலும் புயலும் தாண்டி, சேற்றில் சில வருடங்கள் கிடந்து, வளையத்தில் நிற்கிற அளவு வளர்ந்த பிறகுதான் அது நடக்கும். அவள் பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறாள்.

திறந்த ஓட்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பாலத்துக்கு நடந்தாள். வளையக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்று வலையின் முடிச்சுகளை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கொஞ்சம் இதைப் பாருங்க."

"என்ன?"

"பால் கட்டியிருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு முகர்ந்தார். "நோவு. சூட்டுல வர்றது. சீழ் பிடிச்சிருக்கு."

"சீழ்னா நாறும். இது நாறல."

"இந்த அளவுல பால் கட்டுமா? பல்லு முளைக்காத புள்ளைக்குத் தாடி முளைச்ச கதையா இருக்கே."

"தாடிதான் முளைச்சிருக்கு. கண்ணால பார்க்கறேன்ல."

"நீ பார்த்தது இருக்கட்டும். என் அப்பா பார்த்தது, அவங்க அப்பா பார்த்தது, அந்த மீட்டரம்மா படிச்சது, எல்லாத்தையும்விட நீ ஒரு மத்தியானம் கொட்டகையில பார்த்தது பெரிசா?" அவர் குரல் உயரவில்லை. களைத்திருந்தார். கால் புண்ணில் சுற்றிய பைக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. "போ. ஐஸ்பெட்டி வந்துடுவான்."

அவள் திரும்பி வந்தபோது இரண்டாவது பீப்பாயும் நுரைத்து இறக்கியாகிவிட்டது. சின்னவள் மூன்றாவது ஈட்டுக்குத் தொட்டியைத் தூக்கினாள்.

"இரு," என்றாள் பெரியவள்.

"என்னக்கா?"

"இதை விட்டுடு. வேக வைக்க வேண்டாம்."

"வேக வைக்காம? மடியில போட்டுத் தாலாட்டவா?"

பெரியவள் தொட்டியின் காதைப் பிடித்துத் தரையில் இழுத்துக்கொண்டு வெளியே போனாள். பாலத்துக்குக் கொண்டுபோனால் அவர் பார்ப்பார், பேச்சு வளரும். தொட்டியும் கனத்தது. கொட்டகைக்கு நேர் கீழே, பழைய படகுத்துறையின் உடைந்த கம்பம் நிற்கிற இடம்தான் பக்கம். ஆழமில்லாமல் தேங்குவதால் இக்கரையிலேயே அங்கேதான் தண்ணீர் அதிகமாகச் சுடும். முதலில் மட்டி செத்ததும் அங்கேதான். தொட்டியின் கயிற்றை அவிழ்த்துக் கம்பத்தில் சுற்றிவிட்டு, தொட்டியைக் கவிழ்த்தாள். விதைப்பது போல அல்ல. கோபத்தில் கொட்டுவது போலத்தான் கொட்டினாள். குவியலாகக் கிடந்ததைப் பார்த்த பிறகு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, காலால் பரத்திவிட்டாள். சில ஏற்கெனவே வெயிலில் வாய் பிளந்திருந்தன.

தம்பிக்குத் தெரிந்ததும் கத்தினான். "அண்ணி, அவரு பெரிசைத் தண்ணியில விடறாரு. நீங்க சிறுசைத் தண்ணியில விடறீங்க. நாங்க என்னத்தைத் திங்கறது, சேத்தையா?"

வளையக்காரர்தான் அவனை அடக்கினார். "விடுடா. அவளுக்கு இரக்கம் வந்துடுச்சு."

இரக்கம் இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். சொன்னால் வேறு என்ன என்று கேட்பார்கள். இரண்டு பீப்பாய் தாய்களை வேக வைத்துச் சல்லடையில் குலுக்கிவிட்டோம் என்று சொல்ல வேண்டி வரும். அதுவும் இன்று மட்டும் இல்லை. எத்தனை வருடமாக என்று யாருக்குத் தெரியும்? அவள் கைகழுவப் போய்விட்டாள்.

ஆனி முடிந்தும் மேகம் வரவில்லை. ஓடை முதலில் நூலானது, பிறகு ஈரமான கோடானது, பிறகு அதுவும் இல்லை. வளையக்காரர் பாலத்தின் வெயில் விழுகிற பக்கத்தில் பழைய சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டார். சாக்கை நனைத்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் ஐஸ்பெட்டியின் வேனிலிருந்து ஒரு பாளம் ஐஸைக் கெஞ்சி வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். தோளிலிருந்து முழங்கைவரை தண்ணீர் வழிய, வலையடைப்புக்குள் அதை மெதுவாக இறக்கினார். ஐஸ் மிதந்தது. மூலைக்குப் போனது. அவர் அதை நடுவுக்குத் தள்ளினார். மறுபடி மூலைக்குப் போனது. அது மூக்குப்பொடி டப்பா அளவாகித் தேய்ந்து மறையும்வரை அதைக் கையால் நடுவுக்குத் தள்ளிக்கொண்டே நின்றார்.

பாலத்தின் மேலிருந்து பார்த்த ஐஸ்பெட்டி வேனில் ஏறிக்கொண்டான். கிண்டல் பண்ணாமல் அவன் அந்த வீட்டை விட்டுப் போனது அன்று ஒரு நாள்தான்.

வாய் பிளந்ததில் முதலாவது, இருந்ததிலேயே பெரிய தாய். மறுநாள் அதற்கு அடுத்த அளவுகள். அவர் தினமும் செத்ததைப் பொறுக்கிக் கரையில் வைத்தார். நாற்றம் வீட்டுக்குள் வந்தது. சோற்றில் இருந்தது, தலையணையில் இருந்தது.

"பெரிசுதான் முதல்ல போகுது," என்றார் ஒரு சாயங்காலம், தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல்.

பெரியவள் கையிலிருந்த கரண்டியை வைத்தாள். "ஏன்னு நினைக்கிறீங்க?"

"வயசு. வயசானது சூடு தாங்காது."

"பெரிய உடம்புக்கு மூச்சு அதிகம் வேணும். கொதிக்கிற தண்ணியில மூச்சு எங்க இருக்கு? சின்னது இருந்திருந்தா தாங்கியிருக்குமோ என்னமோ."

அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். எதையோ பிடிக்கப்போவது போல அந்தப் பார்வை இருந்தது. அவளும் காத்திருந்தாள். பிறகு அவர் தட்டை நகர்த்தினார். "சின்னதைக் காப்பாத்தினா யாரு வாழ்ந்தா? தாயை விட்டுட்டுப் புள்ளையைத் தூக்கிட்டு ஓடின மாதிரி. போயிருக்கும், நீ கொட்டினதும் போயிருக்கும்."

மீட்டரம்மா சொன்னது பொய் இல்லை. அப்பா பார்த்ததும் பொய் இல்லை. இரண்டும் பழைய தண்ணீரைப் பற்றிய உண்மைகள். புதுத் தண்ணீருக்கு ஏற்றபடி மட்டி தன்னை எப்போதோ சுருக்கிக்கொண்டுவிட்டது. வளர்வதைச் சீக்கிரமே நிறுத்தி, சீக்கிரம் பால் கட்டி, செத்துப்போவதற்குள் முட்டை விட்டுவிடப் பழகிக்கொண்டது. பழகியதையெல்லாம் வளையம் தேடித்தேடிக் கொட்டகைக்கு அனுப்பியது. பழகத் தெரியாமல் தோற்ற பெரியவற்றைக் கைகூப்பித் திரும்பத் தண்ணீரில் விட்டது. இப்படிக் கோவையாகப் பெரியவளால் சொல்ல முடியாது. ஆனால் இதன் கனம் அவளிடம் இருந்தது. வருடக்கணக்கில் ஒருவர் மனச்சாட்சியோடு செய்த காரியத்தை, புண்ணோடு உட்கார்ந்திருக்கிற நேரத்தில், சோற்றுத் தட்டுக்கு முன்னால் எப்படி எடுத்து வைப்பது?

வலையடைப்பு காலியான அன்று அவர் கம்புகளைப் பிடுங்கி அடுக்கினார். சதைக்கு ஆள் இல்லை. ஓட்டுக்கு மட்டும் சூளையிலிருந்து ஆள் வந்து அள்ளிப்போனான். அவர் கூடத்துக்கு வந்து தம்பியிடம், "வண்டி என்னிக்கு?" என்று கேட்டார். தம்பி ஜெயித்தவன் போலப் பேசவில்லை. "எப்போ சொல்றியோ அப்போண்ணே," என்றான்.

வண்டி வந்த காலையில் வானம் மூடியிருந்தது. மழைக்கான மூட்டம் இல்லை, வெறும் புழுக்கம். பாத்திரங்கள், இரண்டு இரும்புப் பெட்டிகள், மெத்தைகள். பீப்பாயையும் வாரிகளையும் என்ன செய்வது என்று தெரியவில்லை, கொட்டகையிலேயே விட்டார்கள். சின்னவள் அடுப்புக்கல்லைக்கூடக் கழுவி வைத்தாள். "யாருக்குடி கழுவறே?" என்று தம்பி கேட்டதற்கு, "கையைச் சும்மா வெச்சிருக்க முடியல. போய் அந்தப் பெட்டியைத் தூக்குங்க," என்றாள்.

மெத்தைகளைக் கட்டக் கயிறு போதவில்லை.

"கம்பத்துல ஒண்ணு கிடக்கும், எடுத்துட்டு வரேன்," என்று பெரியவள் கீழே இறங்கினாள்.

கயிறு வெயிலில் காய்ந்து கம்பத்தோடு ஒட்டியிருந்தது. அவிழ்க்கக் குனிந்தபோது தண்ணீர் வற்றிய சேற்றின் மேல் அவள் கண் போனது. ஊசியால் குத்தியது போல் இரட்டை இரட்டையாகத் துளைகள். சேற்றுக்குள் இருக்கும் மட்டி மூச்சு விடுகிற துளைகள் அவை. பெரிய மட்டியின் துளையில் பென்சிலை நுழைக்கலாம். இதில் துடைப்பக்குச்சிகூட நுழையாது. ஆனால் கம்பத்தைச் சுற்றி, அவள் காலால் பரத்திவிட்ட அகலத்துக்கும் அப்பால், பார்க்கிற இடமெல்லாம் இருந்தன.

அவள் உட்கார்ந்து கையைச் சேற்றுக்குள் விட்டாள். சுட்டது. விரல்களில் தட்டுப்பட்டதை எடுத்துத் தண்ணீரில் அலசினாள். பழுப்பு வரியோடிய ஓடு, இறுக மூடி, உயிரோடு. அதே அளவு, கொட்டிய நாளிலிருந்து வளரவே இல்லை. இன்னொரு பிடிச் சேற்றை அள்ளி விரலிடுக்கில் கரைய விட்டாள். சேறெல்லாம் போனபின் உள்ளங்கையில் கடுகு போலச் சில மணிகள் மிஞ்சின. மணல் என்று நினைத்தாள். கண்ணருகே கொண்டுபோனால் ஒவ்வொன்றிலும் அந்த வரி இருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. ஏன் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மேலே வண்டியின் ஹார்ன் கேட்டது. "அக்கா, கயிறு திரிக்கறியா அங்க?" என்று சின்னவள் கூப்பிட்டாள்.

இப்போது அவரைக் கூப்பிட்டால் போதும். அந்தக் காலோடு ஓடி வருவார். வண்டியைத் திருப்பி அனுப்புவார். கம்பத்தைச் சுற்றி வேலி போட்டு, ராத்திரி பகல் பார்க்காமல் இந்தக் கொதிநீரில் நிற்பார். புண் எலும்புவரை போகும். அப்புறம் ஒரு நாள், அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ, துளைகள் நெருக்கமாகும். ஐஸ்பெட்டி வந்து எட்டிப் பார்ப்பான். போனவர்களில் நாலு பேர் திரும்பி வருவார்கள். பட்டாணி அளவாக இருந்தால் என்ன, பட்டாணிக்கும் ஒரு விலை சொல்வார்கள். வாரி மறுபடி இறங்கும். இவற்றுக்கு வெந்நீர் பழகிவிட்டது, வாரி பழகாது.

அவரைக் காப்பாற்ற நினைக்கிறாளா, இதைக் காப்பாற்ற நினைக்கிறாளா, இல்லை தனக்கே இந்த வாழ்க்கை போதும் என்று ஆகிவிட்டதா? மூன்றையும் ஒரே மூச்சில் நினைத்தாள். எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

உள்ளங்கையைத் தண்ணீருக்குள் வைத்து, மணிகள் தாமாக இறங்கும்வரை காத்திருந்தாள். கயிற்றை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள்.

மெத்தைகளைக் கட்டியாயிற்று. தம்பியும் சின்னவளும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்கள். பின்னால் சாமான்களுக்கு நடுவில் வளையக்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பெரியவள் அவர் எதிரில், மெத்தையில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். அவர் கழியைப் பார்க்கவில்லை. அவள் கைகளைப் பார்த்தார். நகக்கண்களில் சேறு ஈரமாக இருந்தது.

"கம்பத்துக்கிட்ட தண்ணி வத்தியிருக்கா?"

"வத்திடுச்சு."

"கையை விட்டுப் பார்த்தியா?"

"ம்."

"நீ அன்னிக்குக் கொட்டினது?"

பெரியவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். பொறுமையாக, ஒவ்வொரு விரலாக.

"ஒண்ணுகூட இல்லீங்க. எல்லாம் வெறும் ஓடு."

அவர் தலையாட்டினார். முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. நீட்டியிருந்த காலை மட்டும் கையால் தூக்கி வசதியாக வைத்துக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு," என்றார். "ஒண்ணு இருந்திருந்தாலும் என்னால ஏறியிருக்க முடியாது."

பிறகு பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார், டிரைவருக்குக் கேட்கும்படி.